சிறுதேரும் நூல்நிலையமும்

தமிழிலக்கியத்திற் சிறுவரின் விளையாட்டுப் பொருள்களுள் சிறந்த இடம் பெற்றது தேர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் சங்கப் புலவர் தாம் பாடிய பெரும் பாட்டுக்கள் இரண்டிலும் அதனை மறவாது வைத்துள்ளார். பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்து வீடொன்றின் முற்றத்தைக் காட்டுகின்றார். அங்கே உலரும் உணவைக் கவர வந்த கோழியை விரட்டுதற்கு மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். எறிந்த பொற்குழை, குதிரை பூட்டாது சிறுவர் உருட்டிவரும் மூன்றுருளைச் சிறுதேரின் வழியிற் கிடந்து அதனைத் தடுக்கின்றது. நகரத்தின் செல்வத்தைக் கூறவந்த இடம் அது. அச்செல்வத்தை அளக்கும் கோலாகப் புலவர் கொண்டது விளையாட்டுத் தேரொன்றின் சில்லு என்பது கருதத்தக்கது. பெரும்பாணாற்றுப்படையில் அவர் காட்டுவது உழவர் இல்லம். அங்குள்ள பிள்ளைகளும் ஏறிச் செல்லவியலாத சிறுதேரையே உருட்டுகின்றனர். அத்தேரின் சிறப்பைச் சொல்லப் புகுந்தவர், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்வண்ணம் செய்யப்பட்டது என்று சொல்லி அமைகின்றார்.

ஈண்டு ஒரு வினா எழும். அரசர் பிள்ளைகளும் விரும்பும் தேர் என்னாது, தச்சர் பிள்ளைகளும் விரும்பும் தேர் என்றது ஏன்? உளியோசையிற் பிறந்து வளர்ந்தவர்கள் அப்பிள்ளைகள். அச்சு எங்கே பிழைத்தது, சில்லு ஏன் சாய்ந்தது என்பதைக் கண்ணாலேயே அறியும் அவர்களை மயக்குதல் எளிதன்று. ஒரு தேரின் நன்மை தீமையை அளந்து கூறும் தகுதி அவர்க்கே உண்டு எனப் புலவர் கண்டார். இஃது அவர்தம் நுண்மை. எனினும் அதே இடத்தில் வேறொன்றும் புலப்படுகின்றது. தேரைச் செய்பவர் ஒரு வீட்டார். உருட்டுபவர் வேறு வீட்டார். செய்யும் கை வேறு, விளையாடும் கை வேறு என்னும் இப்பிரிவு ஏறத்தாழ 2000 ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தது. பொது நூல்நிலையங்களிற் சிறுவர் தம் கையாலே பொறிகளை ஆக்கி விளையாடும் புது வழக்கத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இப்பிரிவைத் தாண்டி அப்பாற் செல்லல் இயலாது.

சிறுதேர் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அரப்பா, மொகஞ்சதாரோ ஆகிய சிந்துவெளி நகரங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பொருள்களுட் சுடுமண் வண்டிகள் பல. வடமொழியிற் சூத்திரகர் இயற்றிய நாடகம் மண்வண்டியின் பெயராலேயே வழங்குகின்றது. அயல்வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைக் கண்டு தன் மண்வண்டியை வெறுத்தழும் சிறுவன் ஒருவனே அந்நாடகத்தின் திருப்பத்திற்குக் காரணமாகின்றான். பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர் என அமைந்தது. பெண்பாற் பிள்ளைத்தமிழுக்குச் சிறுதேர் இல்லை. அம்மானையும் நீராடலும் ஊசலுமே உண்டு. ஆனால் மணலாற் சிற்றில் கட்டுவோர் சிறுமியரே. சிற்றிற் பருவத்தில் ஆண்பிள்ளை செய்வது அதனைச் சிதைக்க வருதல். சிறுமியர் செய்வது சிதையாதே என வேண்டுதல். கட்டடம் கட்டும் விளையாட்டுத் தமிழ் மரபிற் பெண்மக்களின் விளையாட்டாகவே இருந்தது என்பதைப் பொறியியற் கல்வியை ஆண்மக்களுக்கே உரியதாகக் கருதி வந்தோர் எண்ணிப் பார்த்தாரல்லர்.

இனி, யாழ்ப்பாணத்துத் தீவுகளை நோக்குவாம். புங்குடுதீவின் ஊர்களுள் ஒன்றாகிய இறுப்பிட்டி போன்ற இடங்களிற் தச்சன் செய்த தேர் எல்லா வீட்டிற்கும் எட்டியதில்லை, பனை எட்டியது. நுங்கு குடித்தபின் எஞ்சும் கோம்பைகள் இரண்டு, அவற்றை இணைக்கும் அச்சாக ஒரு தடி, தள்ளிச் செல்ல ஒரு கவைத்தடி, இவ்வளவே ஒரு வண்டிலுக்கு வேண்டியவை. அச்சுத்தடி கோம்பையின் நடுவிற் செல்லாது சிறிது விலகினும் வண்டில் நேரே ஓடாது. இதனைப் பிள்ளைகள் எவரும் கற்பியாமலே கற்றனர். பனையோலையாற் காற்றாடி செய்தனர். தென்னம்பாளையை ஓடமாக்கிக் கரையோரத்து நீரில் விட்டனர்.

இவற்றுள் எல்லாம் நுட்பம் மிக்கது பட்டம். வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களிற் கொக்குப் பட்டமும் எட்டுமூலைப் பட்டமும் பிறவும் வானில் ஏறும். சட்டம் இலேசாயும் வளையத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். இருபக்கமும் எடை ஒத்திருத்தல் வேண்டும். இவற்றினும் அரிது முச்சை கட்டுதல். பட்டத்தின் முகத்திற் கட்டிய இழைகள் ஒன்றுகூடும் முடிச்சிலேயே அது காற்றை எக்கோணத்தில் ஏற்கும் என்பது அடங்கியிருக்கின்றது. மேலிழை அளவின் மிஞ்சி நீண்டால் பட்டம் காற்றை முழுமுகமாக ஏற்று எழமாட்டாது தவிக்கும். மிகக் குறைந்தால் காற்றைப் பிடியாது தலைகீழாகப் பாயும். வாலின் நீளம் இன்னொரு கணக்கு. பெரிய பட்டங்களின் தலையில் வில்போல் வளைத்துக் கட்டிய விண், தன் நாரிற் காற்றுப் பட்டதும் அதிர்ந்து ஊர் முழுதும் கேட்க ஒலிக்கும். நாரை இறுக்கினால் ஒலி உயரும், தளர்த்தினால் தாழும் என்பது பௌதிகப் பாடத்தில் இழையதிர்வு என்னும் தலைப்பின்கீழ் வருவது. பாடசாலைக்குச் செல்லுமுன்னரே அதனைக் கைவிரலால் அறிந்த பிள்ளைகள் தீவுகளிற் பலர். ஆயினும் பாடம் வந்தபோது தாம் விண் கட்டியதும் இதுவும் ஒன்றே என அவர்க்கு எடுத்துக்காட்டிய ஆசிரியர் சிலரே.

முதியோரின் தொழிலும் இதனின் வேறன்று. கிணற்றடித் துலா ஒரு நெம்புகோல். ஊர்காவற்றுறையிலும் வல்வெட்டித்துறையிலும் கப்பல் கட்டிய மேத்திரிமார் தம் பொறியறிவைக் கையிலும் கண்ணிலும் வைத்திருந்தனர். 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். அக்கப்பல் கடல்கள் பல கடந்து 1938இல் அமெரிக்க நாட்டின் மாசச்சூசெற்சு மாநிலத்துக் குளொசுற்றர்த் துறைமுகத்தை அடைந்தது. அங்கே அதனைக் கண்டோர் வியந்தனர். இங்கே அதனைக் கட்டியவரின் பிள்ளைகள் படிக்கும் பாடநூலில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

இதற்குக் காரணம் யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றிலேயே உண்டு. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியிற் கணிதமும் வானநூலும் இயற்கைநூலும் கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. பின்னர்ச் சைவசமயத்தாரும் பாடசாலைகளை நிறுவி வளர்த்தனர், கல்வி பரந்தது. ஆனால் ஆங்கிலம் கற்றார்க்கு அரசாங்க எழுதுவினைஞர் பதவியும், மலாய நாட்டுப் புகையிரதக் கந்தோரும் வாயில் திறந்தபோது, கல்வி என்றால் எழுதுகோல் என்றாயிற்று. தீவார் பலர் தென்னிலங்கை நகரங்களிற் கடை நடத்திப் பொருளீட்டினர். அவர்தம் விருப்பமும் பிள்ளை மேசையின் முன் இருந்து உழைக்கவேண்டும் என்பதே. படித்தவன் கை அழுக்குப்படாத கை என்னும் எண்ணம் வேரூன்றியது. சாதி வேற்றுமை அவ்வேருக்கு நீரூற்றியது. தச்சனின் மகன் படிக்கவேண்டும் எனின் உளியை மறக்கவேண்டும். படித்தவனின் மகன் உளியைத் தொட்டால் குடும்பத்திற்கு இழுக்கு. பெரும்பாணாற்றுப்படையில் தெரிந்த பிரிவு ஆங்கிலக் கல்வியால் நீங்கவில்லை, ஆழமாயிற்று.

ஐரோப்பாவில் இதே காலத்தில் வேறொரு சிந்தனை வளர்ந்தது. சேர்மானிய நாட்டுப் புரோபெல் 1837இற் பிளாங்கன்பேர்க்கில் இளஞ்சிறார்க்கென ஒரு நிலையம் நிறுவி, 1840இல் அதற்குச் சிறுவர் தோட்டம் எனப் பொருள்படும் பெயரிட்டார். பந்து, உருளை, கனசதுரம், பல கூறாகப் பிரியும் கட்டைகள் என அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்கள் பிள்ளையின் கையிலிருந்து அறிவிற்குச் செல்லும் படிகளாக அமைந்தன. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பிராங்கு உலொயிட் இரைற்று, தம் தாயார் வாங்கித்தந்த அக்கட்டைகளின் உணர்வு முதுமைவரை தம் விரல்களில் நின்றது என எழுதியுள்ளார். இங்கிலாந்தில் இலிவர்ப்பூல் நகரத்துக் கணக்கெழுத்தர் பிராங்கு ஓர்ண்பி என்பவர் தம் மைந்தர் இருவர்க்கும் பாரந்தூக்கி செய்து கொடுக்க முயன்றபோது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் வெவ்வேறு உறுப்புச் செய்வதன் வீண்செலவை உணர்ந்தார். ஒரே இடைவெளியிற் துளையிட்ட உலோகப் பட்டைகளும், அவற்றைப் பிணைக்கும் திருகாணிகளும், சில சில்லுகளும் இருப்பின் எதனையும் கட்டலாம். கட்டியதைக் கழற்றி வேறொன்றாக்கலாம். 1901இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1907 முதல் அது மெக்கானோ என்னும் பெயரால் உலகெங்கும் பரந்தது.

இவ்விளையாட்டுப் பொருள் நூல்நிலையத்துள் முதன்முதலிற் புகுந்தது சிறுவர் கையில் அன்று. ஒரு தமிழரின் மனத்தில். சீர்காழியில் 1892இற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியிற் கணித ஆசிரியராக இருந்து, 1924இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டவர். அவ்வாண்டிலேயே நூலகப் பயிற்சிக்காக இலண்டன் சென்று பெர்விக் சேயர்சு என்னும் பேராசிரியரிடம் கற்றார். அங்கு வழங்கிய நூற்பகுப்பு முறைகள் அவர்க்கு நிறைவு தரவில்லை. உலகத்து அறிவையெல்லாம் முன்கூட்டியே எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியை ஒதுக்கிவைப்பன அவை. நாளை ஒரு புதுத்துறை தோன்றின் அதற்குப் பெட்டி இராது. இம்மனக்குறையோடு இலண்டனிலுள்ள செல்பிரிட்சு என்னும் பெருங்கடைக்குச் சென்றபோது அங்கே மெக்கானோவை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தனர். அதே பட்டைகளும் திருகாணிகளும் ஒருமுறை ஒன்றாகவும் மறுமுறை வேறொன்றாகவும் ஆவதைக் கண்டார். நூற்பகுப்பும் இவ்வாறே அமையவேண்டும் எனத் தெளிந்தார். ஆயத்தமான எண்களின் பட்டியல் வேண்டியதில்லை. அடிப்படை உறுப்புக்களும் அவற்றைப் பிணைக்கும் ஆணியும் போதும். அந்த ஆணியாக அவர் கொண்டது முக்காற்புள்ளி. 1933இல் வெளிவந்த அவர்தம் முறை அதனாலேயே கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது.

இதன் வேலைப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தீவுப்பகுதியிற் பனைமரத்துக்கு இந்நூற்றாண்டில் உண்டாகும் நோய்கள் என ஒரு நூல் வருவதாகக் கொள்வோம். பழைய முறையில் இப்பொருளுக்கு முழுமையான ஓரிடம் கிடைப்பது அரிது. கோலன் முறையிற் பயிரைக் குறிக்கும் உறுப்பு ஒன்று, நோயைக் குறிக்கும் உறுப்பு ஒன்று, இடத்தைக் குறிப்பது ஒன்று, காலத்தைக் குறிப்பது ஒன்று. இவற்றைக் கோத்தால் எண் பிறந்துவிடும். பனைக்குப் பதிலாகத் தென்னை வரின் ஓருறுப்பைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டினாற் போதும். பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியில் இருந்த தத்துவம் உலகத்து நூலகவியலின் போக்கையே மாற்றியது. ஆதலால், கைவிளையாட்டு நூல்நிலையத்துக்கு அயலானது எனக் கூறுவோர் அந்நூல்நிலையத்தில் நூல்கள் எவ்வாறு அடுக்கப்படலாயின என்பதை அறியாதாராவர்.

அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்தற்கே உரியன என்பது. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிற் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியியலாளர், மாட்டுவண்டி ஒன்றை நூல்நிலையமாக அமைத்து ஊர்தோறும் நூல் செல்ல வழிசெய்தார். பொறியறிந்தவர் கையும் நூலறிந்தவர் கருத்தும் ஒன்றுகூடியதன் பயனாகச் சிறுதேர் பெருந்தேராயிற்று எனலாம்.

யாழ்ப்பாணத்துப் பொது நூல்நிலையத்தின் தொடக்கமும் இக்காலத்ததே. க. மு. செல்லப்பா 1933இல் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சி ஊரார் முயற்சியாகி, 1934ஆம் ஆண்டு ஆகத்து 1ஆம் நாள் ஆசுப்பத்திரி வீதியில் 844 நூல்களோடு நூல்நிலையம் திறக்கப்பட்டது. பெருங்கட்டடத்துக்குப் பின்னர் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் அமைப்புப் பற்றி ஆலோசனை கூறியவர் அரங்கநாதன். கட்டடத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன். 1959ஆம் ஆண்டு ஒற்றோபர் 11ஆம் நாள் அது திறக்கப்பட்டது. சிறுவர் பகுதி 1967இல் தொடங்கியது. மெக்கானோவிற் பிறந்த சிந்தனையாளர் ஆலோசனை கூறிய கட்டடத்திலே, யாழ்ப்பாணப் பிள்ளைகள் தம் வயதுக்குரிய நூல்களைத் தாமே எடுத்து வாசிக்கும் வாய்ப்புப் பெற்றனர். 14 ஆண்டுகளே அது நிலைத்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய தீ, ஏறத்தாழ 97,000 நூல்களையும் கிடைத்தற்கரிய ஏடுகளையும் அழித்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டடம் மீண்டும் எழுந்தது. ஏடுகள் எழவில்லை.

பிறநாட்டு நூல்நிலையங்களில் விளையாட்டுப் பொருள் இரவல் கொடுக்கும் வழக்கம் வறுமையின் வாயிலாக வந்தது. அமெரிக்காவிற் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய 1935இல், உலொசு ஏஞ்செல்சு நகரத்துக் கடைக்காரர் ஒருவர் தம் கடையிற் சிறுவர் பொருள் களவாடுவதைக் கண்டார். அவர்கள் எடுத்தவை தாமே விளையாட்டுப் பொருள் செய்தற்கு வேண்டியவை. அதனைக் களவு என்று மட்டும் காணாது ஒரு தேவை என்று கண்டவர்கள், நூலைப் போல விளையாட்டுப் பொருளையும் இரவல் பெறும் நிலையத்தைத் தொடங்கினர். செய்யும் ஆசை பிள்ளைகளுக்கு எத்துணை வலிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. இலங்கையிலும் 1944இல் மரியா மொண்டிசோரி அம்மையார் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். கையே அறிவின் கருவி என்பது அவர்தம் கொள்கை. ஆனால் அக்கொள்கை இளஞ்சிறார் வகுப்பின் வாயிலோடு நின்றது. பிள்ளை எழுத்தறிந்ததும் கையை மடக்கி இருத்தலே ஒழுக்கம் என்றாயிற்று.

மெக்கானோ விலைமிக்கது. தீவுப் பாடசாலைப் பிள்ளைக்கு அது கடைக்கண்ணாடியின் உட்புறத்துப் பொருளே. இக்குறையை நீக்கியவர் இந்திய நாட்டு அரவிந்து குப்தா. கான்பூர்த் தொழினுட்பக் கழகத்திற் கற்றுப் பெருந்தொழிற்சாலையிற் பணியாற்றிய இவர், மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத்திற் கிராமப் பாடசாலைகளுக்கென 1972இல் தொடங்கிய அறிவியற் கல்வித் திட்டத்தோடு அப்பதிற்றாண்டின் பிற்பகுதியிற் தொடர்புகொண்டார். துவிச்சக்கரவண்டிச் சில்லின் காற்றுவாயிலுக்குரிய மெல்லிய இறப்பர்க் குழாயைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றுட் தீக்குச்சிகளைச் செருகினால் மூலைகள் அசையும் உருவங்கள் உண்டாகும் என்று கண்டார். மூன்று குச்சிகளாலான முக்கோணம் அழுத்தினும் உருமாறாது. நான்கு குச்சிகளாலான சதுரம் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி பூட்டின் நிமிர்ந்து நிற்கும். பாலங்களும் வீட்டுக் கூரைகளும் ஏன் முக்கோணங்களால் ஆகின்றன என்பதைச் சில சதச் செலவிற் பிள்ளை தானே அறிகின்றது. குப்பையிற் கழிக்கும் பொருளாற் செய்யத்தக்க விளையாட்டுக்கள் பலவற்றை நூல்களாக எழுதி எவரும் படிக்கத் தடையின்றி வழங்கிய இவர்க்கு இந்திய அரசு 2018இற் பத்மசிறீ விருது அளித்தது. ஓர்ண்பி கண்ட தத்துவத்தை ஏழையின் முற்றத்துக்குக் கொணர்ந்தவர் இவரே.

கையும் நூலும் ஒருங்கு வாய்த்த பிள்ளை எவ்வாறு வளரும் என்பதற்கு நெடுந்தீவுக்கு எதிர்க்கரையிலேயே சான்று உண்டு. இராமேசுவரத்து அப்துல் கலாம் சிறுவராக இருந்தபோது அவர் தந்தையார் யாத்திரிகரை ஏற்றிச் செல்லும் மரப்படகு ஒன்றைக் கட்டினார். அடிமரமும் பக்கப் பலகைகளும் நெருப்பில் வாட்டிப் பதப்படுவதை அச்சிறுவர் அருகிருந்து பார்த்தார். பின்னர்ப் புயலொன்றில் அப்படகு அழிந்தது. அதே ஊரில் மாணிக்கம் என்பவர் தம் வீட்டில் வைத்திருந்த நூல்களை அவர்க்கு இரவல் கொடுத்தார். படகும் நூல்நிலையமும் ஆகிய இவ்விரண்டையும் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் நன்றியுடன் குறித்துள்ளார். இராமேசுவரத்திலும் தீவுகளிலும் கடலும் காற்றும் பனையும் ஒன்றே. படகு கட்டுவதைப் பார்த்த பிள்ளைகள் இங்கும் பலர்; நூல் இரவல் பெற்ற பிள்ளைகளும் பலர். இரண்டும் ஒரே பிள்ளைக்கு வாய்த்தல் அருமையாயிற்று.

அண்மைக் காலத்தில் உலகத்து நூல்நிலையங்கள் செய்கூடங்களை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவின் நியூயோர்க்கு மாநிலத்திலுள்ள பேயற்வில் என்னும் சிற்றூரின் பொது நூல்நிலையம் 2011இல் இதில் முன்னின்றது. பின்லாந்தின் தலைநகராகிய எல்சிங்கியில் 2018இற் திறக்கப்பட்ட ஊடி நூல்நிலையத்தில் தையற்பொறியும், உருவங்களைப் படலம் படலமாக வார்த்துத் தரும் பொறியும் நூல்களோடு ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் 2010இற் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023ஆம் ஆண்டு யூலை 15ஆம் நாள் மதுரையிற் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. இரண்டிலும் சிறுவர்க்கெனத் தனிப்பகுதி உண்டு. பெருநகரங்கட்கு இவை பொருந்தும். பொறியின் விலையே சிறப்பெனக் கருதி, விலையுயர்ந்த பொறி வந்தபின் பார்ப்போம் எனச் சிற்றூரார் காத்திருப்பாராயின் அது பிழையாகும்.

இம்முயற்சியை மறுப்போர் கூறுவன இரண்டு. நூல்நிலையத்துக்கு அமைதி வேண்டும் என்பது ஒன்று. இது நேர மாற்றத்தாலும் அறை மாற்றத்தாலும் தீர்வது; நீண்ட விடை வேண்டியதில்லை. மற்றது வலியது. தீவுப் பிள்ளைகள் நுங்கு வண்டிலும் பட்டமும் தாமே செய்கின்றனர். அவர்க்கு நூல்நிலையம் விளையாட்டுக் கற்பித்தல் மீனுக்கு நீந்தக் கற்பித்தல் போலாகும் என்பர். இதில் உண்மை உண்டு. ஆயினும் எழுதப்படாத கையறிவுக்கு ஒரு குறை உளது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுதேர் மூன்று சில்லோடு ஓடியது. நூற்றாண்டுகள் பல கழிந்தும் பிள்ளைகள் அதனை முதலிலிருந்தே செய்யவேண்டியவராயினர். ஒருவன் கண்ட முச்சையின் அளவு அவன் தம்பிக்குத் தெரியும், அயலூரானுக்குத் தெரியாது. மேத்திரியார் இறந்தால் அவரோடு கப்பலும் இறந்தது. கை கண்டதை எழுத்திற் பதித்து, எழுத்தில் உள்ளதைக் கையால் மீண்டும் சோதிக்கும்போதே அறிவு ஓரிடத்திலிருந்து மேலே ஏறுகின்றது. பாய்ந்து விழுந்த பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் விழுந்தது என வினவும் பிள்ளைக்கு அந்நேரத்தில் நூல் எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். மறுநாள் அவ்வினா நில்லாது. நூல்நிலையத்துக்கு வெளியே இவ்வசதி எங்கும் இல்லை.

தீவுகளில் அதற்கான இடம் புதிதாகக் கட்டப்படவேண்டியதன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் யாழ்ப்பாணத்து ஊர்களிற் சனசமூக நிலையங்கள் தோன்றின. ஊரார் தாமே சேர்ந்து நடத்திய இவற்றிற் பத்திரிகை விரித்த மேசையும், பூட்டிய அலுமாரியில் நூல்களும் இருந்தன. அவற்றை நாடியவர் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். 1990ஆம் 1991ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாகத் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். வாணர் தாம்போதியைக் கடந்து சென்றோருட் பலர் திரும்பவில்லை. அவர்தம் பிள்ளைகள் இன்று கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வளர்கின்றனர். ஆங்குள்ள பொது நூல்நிலையங்களிற் கட்டைகளையும் சில்லுகளையும் பூட்டி விளையாடும் பிள்ளைகளுள் தீவார் பேரப்பிள்ளைகளும் உளர். தாம் வாழும் நாட்டு நூல்நிலையத்தில் தம் பேரப்பிள்ளை பெறுவதைக் காணும் முதியோர், ஊரில் எஞ்சிய பிள்ளைகட்கும் அதுபோல ஒன்று வேண்டும் என விரும்புதல் இயல்பே. அவ்விருப்பம் பெரும்பாலும் மண்டபமாகவும் வளைவாகவும் முடிந்துவிடுவது வருந்தத்தக்கது.

வல்வெட்டித்துறையிற் தைப்பொங்கல் நாளில் நடைபெறும் பட்டப் போட்டி இன்று பலரறிந்த விழாவாயிற்று. அசையும் உறுப்புக்கள் பூண்ட பட்டங்களை அங்கு இளைஞர் ஏற்றுகின்றனர். காற்றின் வலியை ஓருறுப்பிலிருந்து மற்றோருறுப்புக்குக் கடத்தும் அவ்வேலைப்பாடு பொறியியல் என்னும் பெயர்க்கு முற்றும் உரியது. ஆனால் விழா முடிந்ததும் ஒளிப்படங்கள் எஞ்சுகின்றன, அளவுகள் எஞ்சுவதில்லை.

இறுப்பிட்டி போன்றதோர் ஊரில் இதனைத் தொடங்குதற்குக் காலம் கார்த்திகை. வாடை முற்றுமுன் ஒரு மாதம் இருக்கும். நிலையத்து மேசைகளுள் ஒன்றைப் பிள்ளைகட்கு விட்டுக்கொடுத்து, அதன்மேல் மூங்கிற் சிலாகையும் ஈர்க்கும் நூலும் கடுதாசியும் தீக்குச்சியும் இறப்பர்க் குழாயும் வைக்கலாம். சிறுமியர்க்கும் சிறுவர்க்கும் ஒரே மேசை. தச்சுவேலை அறிந்த பெரியார் ஒருவர் கிழமைக்கு ஒருநாள் வந்து அமர்வாராயின் அவர்க்கு ஆசிரியர்க்குரிய கதிரையே இடப்படல் வேண்டும். பறந்த பட்டத்தின் முச்சையளவும், பறவாத பட்டத்தின் முச்சையளவும், இரண்டையும் ஒருங்கே, பிள்ளைகள் தம் கையால் ஒரு கொப்பியில் எழுதவேண்டும். தை கழிந்ததும் அக்கொப்பிக்கு அட்டை கட்டி, பதிவெண் இட்டு, அலுமாரியில் மற்ற நூல்களோடு வைத்துவிடலாம். அடுத்த கார்த்திகையில் அதனை இரவல் கேட்டு வருவோர் இருப்பர்.